விதியும் மிதியும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் நம் ஊரில் முதலில் வந்து நிற்கும் சொல் "விதி" என்பதுதான். "அவன் விதி அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "தலையெழுத்தை யாரால் மாற்ற முடியும்?" என்பார் இன்னொருவர். இயற்பியல் மாணவியாகிய எனக்கும் விதிகளில் நம்பிக்கை உண்டு. ஆனால் நான் நம்பும் விதி, 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டு சொன்ன விதி. மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் மீது ஓரிடத்தில் தரும் அழுத்தம், குறைவுபடாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது அது. மேல்நிலைப் பள்ளியில் அதை மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த விதி நாள்தோறும் என் தந்தையின் வலது காலடியில் வேலை செய்துகொண்டிருந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது. "மூடிய கலம்" என்ற இரண்டு சொற்களில் அவர் உயிர் அடங்கியிருந்தது என்பதும் தெரியாது.

நிலவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் இம்மலரில் எழுத நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது ஒரு முழ நீளமுள்ள ரப்பர் குழாயைப் பற்றி. மோட்டார் பட்டறைகளில் அதைப் "பிரேக் ஓஸ்" என்பார்கள். காருக்கு அடியில், சக்கரத்துக்குப் பின்னால், சேறும் தூசியும் படிந்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் பொருள் அது. அதைப் பற்றி நான் சொல்ல விரும்பும் கருத்து ஒன்றே ஒன்றுதான். அது கிழிந்த பிறகு மாற்றுவது பழுது பார்த்தல் ஆகாது. கிழிவதற்கு முன், நாள் குறித்து மாற்ற வேண்டும். அந்த நாளைக் காரின் உரிமையாளரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது.

நடந்தது என்ன?

என் தந்தை பொன்னேரியில் ஒரு வீட்டில் கார் ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தாய்மாமன் கும்மிடிப்பூண்டியில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறார். சிப்காட் ஆலைகளுக்கு வந்து போகும் கார்களும் வேன்களும் அவருடைய வாடிக்கை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கைகளுக்குத் தெரிந்த இயற்பியல், என் நோட்டுப் புத்தகத்தில் இருப்பதைவிட அதிகம் என்று இப்போது சொல்வேன்.

அப்பா ஓட்டும் காருக்கு வயது பன்னிரண்டு. ஆயில் மாற்றுவதற்காகப் பட்டறைக்கு வந்தபோது மாமா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "மச்சான், ஓஸ் நாலும் வெடிப்பு விட்டிருக்கு. பைப்பும் துரு. மொத்தமா மாத்திடணும். முதலாளிகிட்ட சொல்லுங்க" என்றார். அப்பா சொன்னார். "கசியலையே? பிரேக் பிடிக்குதில்ல? அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. நான்கு மாதம் கழித்து மாமா மறுபடியும் சொன்னார். அப்பாவும் மறுபடியும் சொன்னார். "உங்க மச்சானுக்கு வியாபாரம் வேணும்னா என் வண்டிதானா கிடைச்சுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம் உரிமையாளர். அதன் பிறகு அப்பா சொல்வதை நிறுத்திக்கொண்டார். சம்பளம் கொடுப்பவரிடம் ஒரே பேச்சை மூன்றாம் முறை எடுக்க எத்தனை ஓட்டுநர்களுக்குத் துணிவு வரும்?

சென்ற ஐப்பசியில், மழை விட்ட ஒரு மாலை. தச்சூர் கூட்டுச்சாலையிலிருந்து பொன்னேரி நோக்கித் தனியாக வந்துகொண்டிருந்தார். முன்னால் சென்ற டிராக்டர் திடீரென்று நின்றது. அப்பா மிதியை அழுத்தினார். வழக்கமாகப் பாதியில் நின்று இறுகும் மிதி, அன்று தரையை நோக்கி இறங்கியது. வலது முன்சக்கரத்தின் ஓஸ் வெடித்துவிட்டது. வண்டி பாதி பிரேக்கில் இடது பக்கமாக இழுத்தது. கியரைக் குறைத்து, இடது கையால் கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சாலையோரம் கொட்டியிருந்த மண் குவியலில் கொண்டுபோய் நிறுத்தினார். விளக்கும் பம்பரும் உடைந்தன. அப்பாவின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவ்வளவோடு போயிற்று.

அவ்வளவோடு போனதற்குக் காரணம் உண்டு. பழைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்கு ஓட்டை விழுந்தாலும் நான்கும் போய்விடும். பிற்காலத்துக் கார்களில் சுற்று இரண்டு. பல கார்களில் வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் ஒரு சுற்று. இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் இன்னொரு சுற்று. ஒன்று போனால் மற்றொன்று நிற்கும். அப்பாவைக் காத்தது அந்த இரண்டாம் சுற்று. வெடித்தது வலது முன் ஓஸ் என்பதால் வண்டி இடப்பக்கம், சாலையோரமாக இழுத்தது. இடது ஓஸ் வெடித்திருந்தால் வலப்பக்கம் இழுத்திருக்கும். வலப்பக்கத்தில் எதிரே வந்துகொண்டிருந்தது துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரி.

"எல்லாம் விதி. உயிர் தப்பியதே பெரிது" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். "பார்த்து ஓட்டியிருக்கக் கூடாதா?" என்றார் உரிமையாளர். உடைந்த விளக்கின் விலையில் பாதி அப்பாவின் கணக்கில் எழுதப்பட்டது.

மிதிக்குக் கீழே நடப்பது

காலால் அழுத்தினால் கார் எப்படி நிற்கிறது? சற்றே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர் 30 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் மிதியை அழுத்துகிறார் என்று கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அது விசையை நான்கு மடங்காக்குமானால் 120 கிலோ ஆகும். அந்த விசை மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் முதன்மை உருளையில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த உருளையின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஆக, பிரேக் ஆயிலில் உண்டாகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 38 கிலோ. காரின் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 கிலோதான். அதைப் போல் பதினெட்டு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தை அந்தச் சிறு ரப்பர் குழாய் ஒவ்வொரு மிதிக்கும் தாங்குகிறது. பூஸ்டர் பொருத்திய வண்டியில் இன்னும் கூடுதல். அதே அழுத்தம் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரப் பிஸ்டனைச் சேரும்போது விசை ஏறத்தாழ முக்கால் டன் ஆகிவிடுகிறது. பாஸ்கல் விதியின் பெருமை இதுதான்.

இந்த விதியைக் காருக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1917-இல் அவர் நீர்ம பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அத்தகைய பிரேக்குடன் வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம் கம்பியும் கோலும் இழுத்துத்தான் வண்டிகள் நின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் பிரேக் செய்யும் கலை நம் வாசலில்தான் வளர்ந்தது. 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும், லாரி பஸ்களுக்குக் காற்று பிரேக் செய்யும் சுந்தரம் கிளேட்டனும் தோன்றின. 1964-இல் ரானே பிரேக் லைனிங் தோன்றி அம்பத்தூரில் லைனர் செய்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானதிலிருந்து 2018 வரை அம்பத்தூர் வட்டம் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1998-இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து லான்சர் கார்கள் வெளிவரத் தொடங்கின. நாடெங்கும் ஓடும் வண்டிகளை நிறுத்தும் பொருள்களைச் செய்து அனுப்பிய பகுதி இது. ஆனால் இங்கு ஓடும் வண்டியின் அடியில் இருக்கும் ஓஸுக்கு வயது என்ன என்று கேட்டால், ஓட்டுபவருக்கும் தெரியாது, உரிமையாளருக்கும் தெரியாது.

வயது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. காரின் உடலோடு ஒட்டி ஓடுவது எஃகுக் குழாய்; அதைப் பைப் என்பார்கள். சக்கரமோ மேலும் கீழும் குதிக்கும், இடமும் வலமும் திரும்பும். எனவே கடைசி ஒரு முழத்துக்கு மட்டும் வளையும் குழாய் தேவைப்படுகிறது. உள்ளே ரப்பர், நடுவில் நூல் பின்னல், வெளியே மறுபடி ரப்பர். வளைந்து வளைந்து, வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து, ரப்பர் வெடிப்பு விடுகிறது. பின்னல் நூல் இற்றுப் போகிறது. ஒருநாள் அழுத்தம் தாங்காமல் புடைத்து வெடிக்கிறது.

எஃகுக் குழாயின் எதிரி துரு. பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் இந்தக் குழாய்கள் விரைவில் அரித்துவிடுகின்றன. அதனால்தான் சுவீடனின் வால்வோ நிறுவனம் 1976 முதல் செம்பும் நிக்கலும் கலந்த குழாயைப் பயன்படுத்தத் தொடங்கியது. நமக்கு யாரும் உப்புத் தூவ வேண்டியதில்லை. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை கடற்காற்றே அந்த வேலையைச் செய்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

விபத்துக்குப் பின் கார் மாமாவின் பட்டறைக்கு வந்தது. கையில் மாவுக்கட்டுடன் அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பட்டறைப் பையன் அன்று வரவில்லை. "நீ வாம்மா. இந்த வேலைக்கு ரெண்டு ஆள் வேணும்" என்று மாமா என்னை அழைத்தார்.

குழாய் மாற்றுவது எளிய வேலை என்றுதான் நினைத்தேன். முதல் அரைமணி நேரம் ஒரு நட்டுகூட அசையவில்லை. பன்னிரண்டு ஆண்டுத் துரு. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு மாமா டீ குடிக்கப் போய்விட்டார். "அவசரப்பட்டா நட்டோட மூலை தேஞ்சிடும். அப்புறம் பைப்பையே அறுக்கணும்" என்றார். சாதாரண ஸ்பேனர் இரண்டு பக்கம்தான் பிடிக்கும். இதற்கென்று ஒரு ஸ்பேனர் இருக்கிறது. குழாய் நுழைய ஒரு வாய் மட்டும் விட்டு, மற்றபடி நட்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும். அப்படிப் பிடித்தும் இரண்டு பைப்புகள் முறுக்கிக்கொண்டு முறிந்தன. "முறியட்டும். ரோட்டில முறியறதுக்கு இங்க முறியறது மேல்" என்றார்.

புதுப் பைப்பை அளந்து வெட்டினார். அதன் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர்தான். முனையை இருமுறை மடித்து மணியின் வாய் போல விரித்தார். அந்த விரிந்த வாய் ஒழுங்காக அமர்ந்தால்தான் கசியாது. "சில இடத்தில பிரிட்ஜுக்குப் போடற செம்புப் பைப்பை வளைச்சுப் போட்டுடுவாங்க. கையால வளையும், வேலை சுலபம். ஆனா வண்டி அதிர அதிரச் செம்பு இறுகி வெடிக்கும்" என்று சொன்னார். வெறும் செம்பு திரும்பத் திரும்ப வளைக்கப்படும்போது கடினமாகி முறியும் என்பதை நான் திடப்பொருள் பாடத்தில் படித்திருக்கிறேன். மாமா அதை முறிந்த பைப்பில் படித்திருக்கிறார்.

ஓஸ் பூட்டும்போது அது முறுக்கிக்கொள்ளக் கூடாது. பல ஓஸ்களின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு போட்டிருக்கும். கோடு நேராக இருந்தால் ஓஸ் நேராக இருக்கிறது. கோடு சுற்றினால் ஓஸ் முறுக்கிக்கொண்டது என்று பொருள். பிறகு சக்கரத்தை இடக்கோடி வலக்கோடி திருப்பி, ஓஸ் எங்கும் உரசவில்லை என்று பார்த்தார். பழைய செம்பு வாஷர்களைத் தூக்கி எறிந்தார். நசுங்கிய வாஷர் இன்னொரு முறை நசுங்காது, கசியும்.

பிறகு காற்று எடுக்கும் வேலை. குழாயில் காற்று இருந்தால் மிதி பஞ்சு போல அமுங்கும். நீர்மத்தை அழுத்திச் சுருக்குவது அரிது. காற்றைச் சுருக்குவது எளிது. காற்று இருக்கும் வரை நம் காலின் உழைப்பெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே வீணாகும். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். மாமா சக்கரத்தடியில். "அழுத்து... பிடி..." என்றதும் அழுத்திப் பிடித்தேன். அவர் நிப்பிளைத் திறந்தார். மிதி என் காலடியில் நழுவித் தரைவரை இறங்கியது. அந்த ஒரு கணத்தில், தச்சூர் சாலையில் அப்பாவின் கால் உணர்ந்தது என்ன என்பது எனக்குப் புரிந்தது. நின்றிருக்கும் வண்டியிலேயே நெஞ்சு திடுக்கிட்டது. "விட்டுடாதே, நான் மூடற வரைக்கும் பிடி" என்றார். மூடும் முன் காலை எடுத்தால் காற்று உள்ளே திரும்ப ஏறிவிடும். நான்கு சக்கரங்களுக்கும் இப்படி மாறி மாறிச் செய்தோம். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்று கையேட்டைப் பார்த்துத்தான் தொடங்கினார். கடைசியில் மிதி கல் போல இறுகி நின்றது.

வேலை முடிந்ததும் மாமா ஒரு காரியம் செய்தார். வெடிக்காத பழைய ஓஸ்களில் ஒன்றை, வலது பின்சக்கரத்திலிருந்து கழற்றியதை, கத்தியால் குறுக்கே அறுத்து என் கையில் கொடுத்தார். வெளியே பார்க்கப் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. உள்ளே ரப்பர் உப்பி, துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அழுத்தும் வேகத்தில் ஆயில் போய்விடும். காலை எடுத்தபின் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே இருக்கும். சக்கரம் சூடேறும். "அந்தச் சக்கரம் பக்கம் ரெண்டு மாசமா தீஞ்ச வாடை வந்துதே!" என்றார் அப்பா. அதுவும் முதலாளியிடம் சொல்லப்பட்டதுதான்.

ஓஸ் மட்டும் அல்ல, ஆயிலுக்கும் வயது உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் மறுபடியும் பஞ்சு மிதி. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பல கையேடுகள் கூறுகின்றன. அந்தக் காரில் ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது.

யார் பொறுப்பு?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஓஸின் நிலையை அறிந்தவர் மெக்கானிக். உயிரை வைத்து மிதிப்பவர் ஓட்டுநர். மாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் உரிமையாளர். அறிந்தவருக்கு அதிகாரம் இல்லை. மிதிப்பவருக்கு வாய் இல்லை. அதிகாரம் உள்ளவர் காருக்கு அடியில் குனிந்து பார்த்ததே இல்லை. இந்த ஏற்பாட்டில் விபத்து நடந்தால் அதை விதி என்று எப்படிச் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகுதான் சோதித்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாடகை வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. ஆனால் ஒரு சொந்தக் கார், அதன் பிரேக் குழாயை எந்த அதிகாரியும் கண்ணால் பாராமலேயே பதினான்கு ஆண்டுகள் ஓடலாம். அப்பா ஓட்டிய பன்னிரண்டு வயதுக் காரும் சட்டத்தின் கண்ணில் குறையற்ற காரே.

பிற நாடுகளைப் பாருங்கள். பிரிட்டனில் 1960-இல் பத்தாண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குப் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் சோதனை தொடங்கினார்கள். இன்று மூன்றாண்டு முடிந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்கு வர வேண்டும். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் சோதனை. அவ்வளவு வேண்டாம், ஏழாம் ஆண்டில் ஒருமுறை, பதினோராம் ஆண்டில் ஒருமுறை, பிரேக் குழாய்களை மட்டுமாவது தூக்கிப் பார்க்கும் சோதனை நமக்கு வேண்டும் என்பது என் கோரிக்கை.

இன்னொன்றும் உரிமையாளர்கள் அறிய வேண்டும். அதே சட்டத்தின் 190-ஆம் பிரிவு, ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. பழுதை அறிந்தோ, சாதாரணக் கவனம் இருந்தால் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ, அவ்வண்டியை ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் தண்டனைக்கு உரியவர்களே. ஆக, "பார்த்து ஓட்டியிருக்கக் கூடாதா?" என்ற கேள்விக்கு "பார்த்து மாற்றியிருக்கக் கூடாதா?" என்ற பதில் கேள்வி சட்டத்திலேயே இருக்கிறது. அப்பாவுக்கு அது தெரியாது. எனக்கும் நூலகத்தில் தேடிப் படித்த பிறகே தெரிந்தது.

"நன்றாக இருக்கும் பொருளை மாற்றச் சொல்வது மெக்கானிக்குகள் பணம் பறிக்கும் வழி" என்று சிலர் சொல்வர். அப்படிப்பட்டவர்களும் இல்லாமல் இல்லை. அதற்கு மருந்து எளிது. கழற்றிய ஓஸைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கண்முன்னே அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மை உள்ளவர் அறுத்துக் காட்டுவார். புது ஓஸின் மேல் தயாரித்த ஆண்டு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று வெடித்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே நாளில் பிறந்தவை ஒரே காலத்தில்தான் முதுமை அடையும். "ஆறேழு வருஷம் ஆனா பார்க்கவே வேணாம், மாத்திடு" என்பது என் மாமாவின் கணக்கு. நான்கு ஓஸின் விலையோடு ஆறு வாரம் சம்பளம் இல்லாமல் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருந்த ஒரு மனிதனின் இழப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். எது சிக்கனம்?

அரசு செய்யும் வரை காத்திராமல் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசுப் பேருந்துப் பணிமனைகளில், ஓட்டுநர் தம் வண்டியின் குறையை எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதே போல் ஒவ்வொரு காரிலும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். ஓஸ் மாற்றிய நாள், ஆயில் மாற்றிய நாள், ஓட்டுநர் கண்ட குறை ஆகியவற்றை எழுதி, உரிமையாளர் அதன் கீழ் கையெழுத்திடட்டும். வாயால் சொன்ன சொல் சிரிப்பில் கரைந்துவிடும். எழுதிக் கையெழுத்து வாங்கிய சொல் அப்படிக் கரையாது. மணிக்கட்டு சரியாகி மீண்டும் வேலைக்குச் சென்ற அன்று, அப்பாவின் சட்டைப் பையில் அத்தகைய குறிப்பேடு ஒன்றை வைத்து அனுப்பினேன். முதல் பக்கத்தில் புது ஓஸ்களின் தேதியை நானே எழுதியிருந்தேன். உரிமையாளர் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டாராம். அது போதும்.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். இங்கு படிப்பவர்களில் பலர் ஓட்டுநர்களின், ஆலைத் தொழிலாளர்களின், மெக்கானிக்குகளின் பிள்ளைகள். பாஸ்கல் விதியைக் கரும்பலகையில் இரண்டு உருளை வரைந்து படிக்கிறோம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு மாஸ்டர் சிலிண்டரும் ஒரு சக்கரப் பிரேக்கும் நம் ஆய்வகத்தில் இருக்குமானால், அந்த விதியை நம் காலால் உணரலாம். அதைச் சொல்லித்தர ஒரு நாள் என் மாமாவைப் போன்றவர்களை அழைக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவர் இளம் அறிவியல் மாணவர்களுக்குப் பாடம் சொன்னால் கல்லூரிக்குப் பெருமையே தவிரச் சிறுமை இல்லை.

நண்பர்களே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் தந்தையோ, அண்ணனோ, சித்தப்பாவோ ஓட்டும் வண்டியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரேக் ஓஸ் மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது?" பதில் தெரியவில்லை என்றால், மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். விதியின் மீது பழியைப் போடும் முன், மிதிக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்ப்போம்.